யார் சொன்னாலும் நிறுத்து

மார்ச் 3, செவ்வாய்

காற்று அதிகம். காலையில் பாதி நேரம் பாரம் எதுவும் தூக்கவில்லை. கேபினில் உட்கார்ந்து நாவலில் நாற்பது பக்கம் படித்தேன். சம்பளச் சீட்டில் வராத படி இது. காற்று அடித்தால் வாசிப்பு.

போன வாரம் அத்தை கேட்டாள்: "அவ்ளோ ஒசரத்துல, கிரேனுக்குள்ள தனியா... பேசக்கூட ஒரு ஆளில்லாம எப்படிடி இருக்க?" 'அதற்காகத்தான் அத்தை, ஏறுகிறேன்' என்று சொல்ல வாய்வரை வந்தது. சிரித்துவைத்தேன்.

மதியம் காற்று அடங்கியதும் விளையாட்டரங்கத்தின் கூரைக்கு இன்னொரு இரும்பு வளைவை ஏற்றினோம். இரண்டு பக்கத்திலிருந்தும் வளைவுகள் ஏறி ஏறி, இப்போது நடுவில் ஒரே ஒரு இடைவெளிதான் மிச்சம். அந்த நடுத்துண்டு இருபத்துநான்காம் தேதி ஏறுகிறது. அது உட்கார்ந்தால்தான் கூரை கூரையாகும். மற்ற எல்லாத் துண்டுகளும் என் கையால் ஏறியவை. ஒன்றுகூட எதிலும் இடித்ததில்லை, ஒன்றுகூட ஊசலாடியதில்லை. வெளியே சொன்னால் தற்பெருமை. இங்கே எழுதிக்கொள்ளலாம்.

கீழே நின்று ரேடியோவில் வழிசொல்பவர் விசிலண்ணன். ரேடியோ வருவதற்கு முன்னால் விசிலடித்தே கிரேனை நடத்தியவராம், பெயர் ஒட்டிக்கொண்டது. என்னை அவர் 'மேலிடம்' என்பார். "மேலிடத்து உத்தரவு என்ன?" என்று கேட்பாரே தவிர உத்தரவு போடுவது எப்போதும் அவர்தான். ஏத்து, இறக்கு, மெதுவா, நிறுத்து. ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட வேண்டும். இரண்டு வருடமாக நாளெல்லாம் பேசுகிறோம், சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

பயிற்சியின் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. ஏத்து, இறக்கு என்று சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. ஆனால் நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பெருக்குகிறவர் சொன்னாலும், வழி தெரியாமல் உள்ளே வந்துவிட்டவர் சொன்னாலும் கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்று ஒரு தடவை விசிலண்ணன் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. "மேலிடம்... மேலிடம், இருக்கீங்களா?" ரேடியோ கரகரக்குது என்றேன்.

ரேடியோ நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

போட்டுக்கொடுத்துவிட்டார்.

பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். சாப்பிடும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாதவர். கட்டுமானத் தளத்தில் எல்லோருக்கும் அவர் 'ஹெல்மெட்'. "உக்காரும்மா. மூணு தடவ கூப்பிட்டாதான் ஒரு தடவ பதில் வருதாமே?"

"யார் சார் சொன்னா?"

"கீழ இருக்கறவர்தான் சொல்ல முடியும். மேல வேற யாரு இருக்கா, காக்காயா வந்து சொல்லும்?"

ரெண்டு வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? 'என்னம்மா, ஒடம்பு சரியில்லையா'ன்னு ஒரே ஒரு வார்த்தை? நேரா ஆபீஸுக்கா போவாங்க?

பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கம்பெனி மருத்துவர் நாலு கேள்வி கேட்டார். காலையில் தலை கனக்கிறதா? ஆமாம். பகலில் கண் சொருகுகிறதா? எப்போதாவது. ராத்திரி மூச்சுத் திணறி விழிக்கிறேனா? தெரியாது. குறட்டை? இதற்குப் பதில் சொல்லும்போது மட்டும் காது சுட்டது. "வீட்ல சொல்லுவாங்க" என்றேன், ஏதோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. "இவ்ளோ ஒல்லியா இருக்கீங்களே!" என்று அவரே ஆச்சரியப்பட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். அதுவரை கேபின் கிடையாது. கிடங்கில் போல்ட்டும் நட்டும் பிரித்து அடுக்க வேண்டும்.

கேபினில் நான் ஒருநாளும் தூங்கியதில்லை. இங்கே பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்? கண் திறந்துதான் இருக்கும். ஆனால் ஒரு பக்கத்தைப் படித்து முடித்த பிறகு, என்ன படித்தோம் என்றே தெரியாமல் மறுபடி மேலே போவோமே — அந்த மாதிரி ஒரு நொடி. பாரம் கொக்கியில் இருக்கும்போது வந்ததில்லை.

இதுவரை வந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டில் சொல்ல வேண்டியதாயிற்று. ராத்திரி எங்கே போகிறாய் என்று கேட்பார்களே.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கொறட்டைக்கு டெஸ்ட்டா? அதுக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி? நானே சர்டிபிகேட் குடுப்பேனே. பதினஞ்சு வருஷம் ஒரே ரூம்ல படுத்தவ நான். கல்யாணம் பண்ணிக்கிட்டதே தூங்கறதுக்குத்தான்."

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எங்க பரம்பரையில கொறட்டை விடாதவன் ஒருத்தனும் கெடையாது. நல்லா தூங்கறவனுக்குத்தான் அது வரும்" என்றார்.

"உங்க தூக்கம் நல்லாதான் இருக்கு. என் தூக்கத்த யாராவது கேட்டீங்களா?" இது அம்மா.

பிறகு சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னாள். குறட்டைச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டதாம். "அது நிக்கும் பாரு, அப்பதான் எனக்கு முழிப்பு வரும். முழங்கையால ஒரு இடி இடிப்பேன். ஹக்குனு ஒரு மூச்சு வாங்கிட்டு மறுபடி ஆரம்பிச்சுடுவாரு."

"எவ்ளோ நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"எனக்குமா?"

"நீ கதவ சாத்திக்கிட்டுல்ல படுக்கற? உன்ன எப்படி இடிக்கறது. அதான் தட்டுவேன்."

எத்தனை வருடமாக ராத்திரியில் என் கதவு தட்டப்படுகிறது! "இன்னும் படிச்சிட்டிருக்கியா?" என்ற குரல். எனக்கென்று இருப்பது ஒரு கதவு, அதையும் விட்டுவைக்க மாட்டேன்கிறாளே என்று எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன். நான் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

நான் படித்த எல்லாக் கதைகளிலும் பெண்கள் அழகாகத் தூங்குகிறார்கள். நிலா வெளிச்சம் விழுகிறது, மார்பு மெல்ல ஏறி இறங்குகிறது. ஒருத்தியும் குறட்டை விட்டு நான் படித்ததில்லை. நூறு பக்கத்துக்கு ஒருத்தியாவது விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது.

மார்ச் 11, புதன்

தொண்டை கரகரப்பு. சாயங்காலம் மூக்கடைப்பு. இப்போது உடம்பெல்லாம் வலி. நாளை ராத்திரி பரிசோதனை. இந்தச் சளிக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

மார்ச் 12, வியாழன்

காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். பையில் நாவல், சீப்பு, என் சொந்தத் தலையணை.

மார்ச் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்து மதியம்வரை படுத்திருந்தேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியின் கடைசி மாடியில், சாதாரண லாட்ஜ் அறை மாதிரி ஒரு அறை. கட்டில், மேசை விளக்கு, மூலையில் கேமரா. எனக்கு வாய்த்த டெக்னீஷியன் ஒரு அக்கா. ஸ்வெட்டர், ஓட்டப்பந்தய ஷூ, கையில் பெரிய பிளாஸ்க். "ராத்திரி பூரா அடுத்தவங்க தூங்கறத பாக்கறதுதான்மா என் பொழப்பு. காலைல வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்று சிரித்தார். என் நெற்றியில் கை வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா, கொதிக்குது?"

"லேசா சளி."

"இது லேசா?" தெர்மாமீட்டரைக் காட்டினார். "சளியோட எடுத்தா அதையும் ரிப்போர்ட்ல எழுதுவோம். அப்புறம் இது சளியால வந்த அடைப்பா, நெஜமாவே இருக்கான்னு டாக்டர் தலைய சொறிவாரு. வேற நாள் வர்றீங்களா?"

"வேற நாள்னா எப்ப?"

"அடுத்த மாசம்தான்."

இன்றைக்கே எடுங்கள் என்றேன். ஏன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நன்றாக வந்தால் கேபின். மோசமாக வந்தால் பழியைச் சளிமேல் போட்டுவிடலாம். எப்படி விழுந்தாலும் எனக்கே ஜெயம் என்று கணக்குப் போட்டேன்.

தலையில் பசை தடவித் தடவி ஒவ்வொரு வயராக ஒட்டினார். நெற்றி, கன்னம், தாடை, கால். நெஞ்சுக்கு ஒரு பட்டை, வயிற்றுக்கு ஒரு பட்டை. விரலில் கிளிப். அடைத்த மூக்கில் ஒரு குழாய் வேறு. கண்ணாடியில் பார்த்தேன், ஏதோ பழைய டெலிபோன் பெட்டியைத் திறந்து போட்டதுபோல இருந்தது. இந்த முகத்தைத்தான் யாரோ ஒருத்தர் விடிய விடிய திரையில் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார். சுற்றுலா போன இடத்தில் தோழிகளோடு ஓர் அறையில் படுக்க வேண்டுமே என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தவள் நான். அழுகை வந்தது. காய்ச்சலால்தான்.

விளக்கை அணைத்துவிட்டு அவர் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த ஸ்பீக்கர் பேசியது. "கேக்குதாம்மா?"

"கேக்குது."

"கண்ண மட்டும் வலது பக்கம் திருப்புங்க."

"வலது பக்கம்."

"இடது கால அசைங்க."

"இடது கால்."

"திருப்பிச் சொல்ல வேணாம்மா. செஞ்சா போதும்."

"செஞ்சா போதும்" என்றேன். ஸ்பீக்கர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து, அது இருமலாகி, நெஞ்சுப் பட்டை நழுவி, அவர் மறுபடி எழுந்து வரவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வெட்கம் கொஞ்சம் விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்திலிருந்து ஒருவர் என்னை ஒரு கணமும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அசைவுக்கு அசைவு சொல்கிறார். நானும் விசிலண்ணனும் தினமும் இதைத்தானே செய்கிறோம்? இன்று கொக்கியில் தொங்குகிற பாரம் நான். இறக்கிவைக்கிற பொறுப்பு அவருடையது.

நடுவில் அவர் இரண்டு தடவை வந்து விரல் கிளிப்பை மாட்டியது அரைகுறையாக நினைவிருக்கிறது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு போர்வை போட்டார். நல்ல மனுஷி.

காலையில் வயர்களைப் பிடுங்கும்போது கேட்டார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கிரேன் ஓட்டறேன்."

"ஓ! அதான் விஷயமா. தூக்கத்துல கை கால ஒதறுறவங்கள நெறைய பாத்திருக்கேன். நீங்க ஒதறலம்மா. ஒவ்வொரு தடவ மூச்சு நிக்கும்போதும், வலது கைய இப்படி..." தன் கையை எடுத்து, முன்னால் ஏதோ இருப்பதுபோல் பிடித்து, பதறாமல், மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து நடுவில் நிறுத்திக் காட்டினார். "அதுல கிளிப்பு ரெண்டு தடவ கழண்டு போச்சு. இவ்ளோ பொறுமையா கைய அசைக்கறவங்கள நான் பாத்ததே இல்ல. என்ன அது?"

பாரத்தை ஏற்றி இறக்குகிற கைப்பிடி. நடுவுக்குக் கொண்டுவந்தால் நிறுத்து என்று அர்த்தம்.

எவ்வளவு பெருமையாக இருந்தது! மூச்சே நின்றுபோகும்போதும் என் கை திடுக்கென்று இழுக்கவில்லை. பாரம் ஆடாமல் நிறுத்தியிருக்கிறது. பஸ்ஸில் வரும்போதுதான் அவர் சொன்னதன் மறுபாதி உறைத்தது. 'ஒவ்வொரு தடவ மூச்சு நிக்கும்போதும்.'

மார்ச் 14, சனி

காய்ச்சல் விடவில்லை. தலைமுடியிலிருந்து பசையும் விடவில்லை. அம்மா வெந்நீரில் மூன்று தடவை அலசிவிட்டாள். "ஒட்டினவ நல்லா வேலை தெரிஞ்சவ" என்றாள்.

மார்ச் 18, புதன்

காய்ச்சல், சளி எல்லாம் போய்விட்டது. தூக்க மருத்துவரைப் பார்த்தேன். திரையில் என் ராத்திரி ஓடியது. வரிவரியாக அலைகள், அங்கங்கே அலையில்லாமல் நேர்கோடு. மணிக்கு முப்பது தடவைக்கும் மேலே மூச்சு நின்றிருக்கிறது. நிற்கிற ஒவ்வொரு தடவையும் மூளை விழித்துக்கொள்கிறது. எனக்குத் தெரியாமல் நான் விடிய விடிய விழித்திருக்கிறேன்.

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருமா?"

"தாடைய பாருங்க, சின்னது, உள்ள தள்ளி இருக்கு. படுத்தா நாக்கு பின்னால விழுந்து வழிய மூடிடும். வீட்ல யாருக்காவது இந்தத் தாடை இருக்கா?"

அப்பாவுக்கு. தாடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். சின்ன வயதில் எல்லோரும் கிள்ளிக் கொஞ்சிய தாடை இது.

"சளி இல்லன்னா டாக்டர்?"

"கொஞ்சம் கம்மியாயிருக்கும். இல்லாம போயிருக்காது." ஆனாலும் அவர் நியாயமாக எழுதினார்: காய்ச்சலும் சளியும் இருந்தபோது எடுக்கப்பட்டது, குணமான பின் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ராத்திரி மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்றை மெல்லத் தள்ளி வழி அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு கருவியும் எழுதிக்கொடுத்தார்.

மார்ச் 19, வியாழன்

தளத்தின் மேலாளர் அறிக்கையைப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்துத் தட்டினார். "இது முடிவான ரிப்போர்ட் இல்லியேம்மா. சளியோட எடுத்ததுன்னு டாக்டரே எழுதியிருக்காரு. செவ்வாய்க்கிழம நடுத்துண்ட ஏத்திக் குடு. அப்புறம் நிதானமா போய் ரெண்டாவது டெஸ்ட் எடு. ரெண்டாவது கிரேன்காரன் அத தூக்கறத நெனச்சாலே எனக்கு வயித்த கலக்குது."

இரண்டாவது கிரேன்காரனின் பட்டப்பெயர் 'புயல்'. எதற்கு அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை.

ஹெல்மெட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலைக்குள் சொல் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆக, நான் போட்ட கணக்கு பலித்துவிட்டது. கால் தரையில் பாவாமல்தான் வீடு வந்தேன். 'நெனச்சாலே வயித்த கலக்குது.' இதைவிட ஒரு பாராட்டு இந்தத் தொழிலில் உண்டா? ராத்திரி எட்டு மணிக்கே புத்தகத்தோடு படுத்தேன். நல்ல தூக்கம் தூங்கினால் நாளை தெளிவாக இருக்கும்.

கதவு தட்டுகிற சத்தம். "இன்னும் படிச்சிட்டிருக்கியா?"

புத்தகம் மூஞ்சிமேல் கிடந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அம்மா திடுக்கிட்டுவிட்டாள், நான் ஒருநாளும் திறந்ததில்லை.

"நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"ம்."

"எனக்கு இப்ப சளி இருக்காம்மா?"

"சளி போயி நாலு நாளாச்சே" என்றாள். "ஏன், மறுபடி வருதா?"

அவளைப் படுக்கப் போகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"யோசிச்சுத்தான் பேசறியா? வேற யாராவது சொன்னாங்களா?" என்றார் மேலாளர். நானேதான் சார் என்றேன். கருவி மாட்டித் தூங்கி, தலை தெளிந்து, மருத்துவர் சரியென்று சொன்ன பிறகு ஏறுகிறேன். அதுவரை தரையில் எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன். செவ்வாய்க்கிழமை கீழே நின்று வழிசொல்ல ஓர் ஆள் கூடுதலாக வேண்டும்தானே? அந்தக் கூரையின் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது ஹெல்மெட் பின்னாலேயே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். வழுக்கை! இரண்டு வருடத்தில் முதல் தரிசனம். "நல்லதும்மா" என்றார். அவ்வளவுதான்.

விசிலண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்த்தும் பார்க்காததுமாகத் திரும்பிக்கொண்டார். நானே போய் எதிரில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னேன்.

"நான் போய்ச் சொன்னதுக்குக் கோவம் இருக்கும்" என்றார் டம்ளரைப் பார்த்தபடி. "உங்ககிட்ட கேட்டா ரேடியோ கரகரக்குதும்பீங்க. ரேடியோவ நான்தான் தெனமும் சார்ஜ் போடறேன்."

"கோவம் இருந்துச்சுண்ணே. நீங்க நிறுத்துன்னு சொன்னீங்க. நான் நிறுத்தறதுக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. அவ்ளோதான்."

அவர் என்னைப் பார்த்தார். "ரேடியோவுல உங்க கொரலு வேற மாதிரி இருக்கும். நேர்ல சின்னப் புள்ளையா இருக்கீங்க."

"நீங்களும் ரேடியோவுல ஒசரமா இருப்பீங்க" என்றேன். மனிதர் டீயைத் துப்பும்படி சிரித்துவிட்டார்.

அந்த நடுத்துண்டு எனக்கில்லை. எழுதும்போது வலிக்கிறது. வலிக்கட்டும். தலைநிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஏறிவிட்டது.

புயல் என் கேபினில். விசிலண்ணன் கூரையில், துண்டு வந்து உட்காரும் இடத்தில். நான் கீழே, துண்டு புறப்படும் இடத்தில். தரையிலிருந்து ஆள் உயரம் தாண்டும்வரை வழிசொல்வது நான், அதற்குமேல் அவர். "மேலிடம் கீழ வந்துடுச்சு, கீழ இருந்தவன் மேல போயிட்டேன். ஆட்சி மாறிப்போச்சு" என்று ரேடியோவில் அவர் சொல்ல, தளம் முழுக்கச் சிரிப்பு.

"ஏத்து" என்றேன். என் வாயால் இந்த வார்த்தையை முதல்முறையாகச் சொல்கிறேன். திருப்பிச் சொல்லியே பழகியவள்.

"ஏத்து" என்றது புயலின் குரல்.

அத்தனை பெரிய இரும்பு மண்ணைவிட்டு எழுந்தது. பாரம் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள இரண்டு முனையிலும் கயிறு கட்டி, முனைக்கு ஓர் ஆள். எல்லோர் கண்ணும் மேலே போனது. எனக்கும் மேலேதான் பார்க்கத் தோன்றியது. ஆனால் கேபினிலிருந்து தளத்தின் வடக்கு மூலை எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இரண்டு வருடமாக அது எனக்குக் குருட்டு மூலை. இன்றாவது பார்த்துவிடலாமே என்று திரும்பினேன்.

வடக்குக் கயிற்றின் வால் கம்பிக் கட்டுக்கு அடியில் சுருண்டு மாட்டியிருந்தது. பிடித்திருந்தவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் ஆள் உயரம் போனால் கயிறு விறைத்துத் துண்டை ஒரு பக்கமாக இழுத்திருக்கும்.

"நிறுத்து!"

நின்றது. அந்த நொடியே. துண்டு துளியும் ஆடவில்லை.

"நிறுத்திட்டேன்" என்றான் புயல். ஏன் என்று கேட்கவில்லை. இவனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்! கயிற்றை விடுவித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். "சரிக்கா" என்றான். என்னைவிட நாலு வயது பெரியவன். போகட்டும்.

அதற்குப் பிறகு விசிலண்ணன் மெல்ல மெல்ல அழைத்துப் போனார். துண்டு இடைவெளிக்குள் இறங்கி, ஓட்டைக்கு நேராக ஓட்டை சேர்ந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு கூரையிலிருந்து ஒரு விசில் — ரேடியோவில் இல்லை, நிஜ விசில், இரண்டு விரலை வாயில் வைத்து. இத்தனை நாளில் அதை நான் கேட்டதே இல்லை.

நான் தூக்கவில்லை. ஆனாலும் இன்று அந்தத் தளத்தில் என் அளவுக்குப் பெருமைப்பட்டவர் யாராவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மார்ச் 28, சனி

கருவி வந்துவிட்டது. மூக்கில் ஒரு மூடி, தலையைச் சுற்றிப் பட்டை, நெஞ்சுமேல் குழாய். அக்கா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "பைலட் மேடம், எத்தன மணிக்கு டேக் ஆஃப்?" என்றாள்.

முதல் ராத்திரியே குறட்டை நின்றுவிட்டது. அம்மா மூன்று தடவை வந்து கதவைத் தட்டினாள், சத்தமே வரவில்லையே என்று.

ஏப்ரல் 2, வியாழன்

மூடியைத் தூக்கத்தில் பிடுங்கி எறிந்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூக்கின்மேல் புண். இதை மாட்டிக்கொண்டு யாராவது ஆயுசுக்கும் தூங்குவார்களா?

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் எழுந்தேன். என்னவோ குறைகிறதே என்று படுக்கையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். தலைக்கனம்தான். இத்தனை வருடமும் எல்லோரும் இப்படித்தான் எழுந்துகொண்டிருந்தார்களா? ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே!

மார்ச்சில் படித்த நாவலை முதலிலிருந்து மறுபடி எடுத்தேன். இவ்வளவு நல்ல புத்தகம் என்று அப்போது தெரியவில்லை.

இன்னொன்று. அப்பா என் அறையில் அந்த மூடியைத் தாடிக்குமேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

மே 11, திங்கள்

மருத்துவர் கருவியின் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேபினுக்கு அனுமதி எழுதிக்கொடுத்தார். இன்று ஏறினேன். பழக்கம் விட்டுப்போய் ஏணியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வாங்க வாங்க மூச்சு வந்தது.

மேலேயிருந்து பார்த்தால் கூரை ஒரே வளைவாகத் தெரிகிறது. எது நான் தூக்காத துண்டு என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"மேலிடம், கேக்குதா?"

"கேக்குது."

வெறும் கொக்கி. "இறக்கு" என்றார். "இறக்கு" என்று இறக்கினேன். பாதி வழியில், "நிறுத்து."

நிறுத்தினேன். ரேடியோவில் சத்தமே இல்லை. காற்றும் இல்லை. கொக்கி அசையாமல் நின்றது.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "கூரையில வேலை பாக்கறவங்களுக்கு டீ வந்திருக்கு. பெரிய டிரம். இன்னைக்கு மொத பாரம் இதுதான். மெதுவா ஏத்துங்க, மூடி சரியில்ல."

அவர் சொல்லச் சொல்லக் கொக்கியைத் தரைவரை இறக்கினேன், டிரம்மை மாட்டினார்கள். "மெதுவா ஏத்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஏற்றினேன்.

ஒரு சொட்டு சிந்தவில்லையாம். டீ குடிக்கக் கூரைக்கு வந்திருந்த புயல் அங்கிருந்து ரேடியோவை வாங்கிச் சொன்னான்.